பெயர் காத்தவரின் பெயர்

இசையைப் பற்றி எழுத முற்படுகிறவர் முதலில் தம் செவியைப் பற்றிச் சொல்லிவிடுவது முறையாகும். நாம் இசைவாணர் அல்லோம். குருமடத்தில் பயின்ற கிரகோரியன் இசையும், பங்குக் கோவில் ஆர்மோனியமும், திருவிழா நாள்களின் நாதசுரமும் பழக்கிய செவி நம்முடையது. அச்செவிக்கு மேற்கு ஆப்பிரிக்க இசை வந்து சேர்ந்த வழி எளியது. செனகல் நாட்டில் நெடுங்காலம் மறைப்பணியாற்றித் திரும்பிய முதிய குரு ஒருவர், தம்மிடமிருந்த பழைய இசைத்தட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் கருவியையும் நம் இல்லத்தில் விட்டுச் சென்றார். "கேட்பார் இல்லாத வீட்டில் தட்டு இருந்து என்ன பயன்?" என்பதே அவர் சொன்ன காரணம்.

மழைக்கால மாலை ஒன்றில் அவற்றுள் ஒரு தட்டை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். விளக்கேற்ற வந்த கோவில்பிள்ளை வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டார். தட்டு ஓய்ந்ததும், "வாசிச்சது யாருங்க சாமி?" என்றார். அட்டையைப் புரட்டிப் பார்த்தோம். இன்ன நாடு, இன்ன இனம், இன்ன கருவி, ஒலிப்பதிவு செய்தவர் இன்னார் என்றெல்லாம் அச்சிட்டிருந்தது. வாசித்தவர் பெயர் மட்டும் இல்லை. அதைச் சொன்னோம். "பதிஞ்சவரு பேரு இருக்கு, வாசிச்சவரு பேரு இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போனார். நம்மால் அக்கேள்வியை விட்டுப் போக இயலவில்லை. இக்கட்டுரை அதன் பின்னே சென்றதன் விளைவு.

பெயர் சொல்லும் குலம்

மாலி, கினி, செனகல், காம்பியா, கினி-பிசாவு ஆகிய நாடுகளில் பரவி வாழும் மாண்டே மக்களிடையே ஜெலி எனப்படும் குலத்தார் உண்டு. பிரெஞ்சு மொழியின் வழியே உலகம் அவர்களைக் கிரியோ என்று அறிந்தது. பிறப்பால் வரும் தொழில் அவர்களுடையது. அரச மரபுகளையும் குடிவழிகளையும் நினைவில் இருத்திப் பாடுதல், திருமணத்திலும் குழந்தைக்குப் பெயரிடும் நாளிலும் முன்னோரை எடுத்துரைத்தல், பகைத்தோரிடையே பேசி இணக்குதல் ஆகியவை அவர்களது கடமைகள். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுன்ஜாட்டாவின் காவியம் அவர்கள் நாவிலேதான் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது. அக்காவியத்தில் சுன்ஜாட்டாவின் ஜெலியாக வருபவர் பல்லா ஃபாசெக்கே குயாத்தே. குயாத்தே என்ற அந்தக் குலப்பெயரைத் தாங்கிய ஜெலிகள் இன்றும் பாடுகின்றனர்.

அவர்கள் கையிலுள்ள கருவிகளுள் ஒன்று கோரா. பெரிய சுரைக்குடுக்கை ஒன்றைப் பாதியாக வெட்டி, அதன் வாயை மாட்டுத்தோலால் மூடி, நீண்ட மரத்தண்டு ஒன்றை ஊடே செலுத்தி, 21 தந்திகளை இரு வரிசையாகக் கட்டுவர். இடப்புறம் 11, வலப்புறம் 10. கருவியைத் தன்னை நோக்கி நிறுத்தி, இரு கைகளின் கட்டைவிரல்களாலும் சுட்டுவிரல்களாலும் மீட்டுவர். பண்டு தோலை முறுக்கிச் செய்த தந்திகள் இருந்தன. பின்னர் மீன்பிடி நைலான் இழை அவ்விடத்தைப் பிடித்தது. இசையின் அமைப்பில் இரு கூறுகள் உண்டு. மீண்டும் மீண்டும் சுழன்று வரும் அடிப்படை ஓட்டத்தைக் கும்பெங்கோ என்பர். அதன்மேல் திடீரென எழுந்து விரைந்து இறங்கும் கற்பனை வரிசைகளைப் பிரிமின்டிங்கோ என்பர். நிலைத்து நிற்பதும் புறப்பட்டுப் போவதுமாகிய இவ்விரண்டின் உறவே இவ்விசையின் உயிர் எனலாம்.

ஆகவே, பிறர் பெயரைக் காப்பதே வாழ்வாகக் கொண்ட ஒரு குலத்தின் இசைக்கு முன்னால் நாம் நிற்கிறோம். அவ்விசை தட்டில் பதிவானபோது அவர்கள் பெயருக்கு என்ன நேர்ந்தது?

தட்டில் ஏறிய ஆப்பிரிக்கா

10 அங்குல அகலமுள்ள பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசைதான் அடங்கும். ஓர் இரவு முழுவதும் பாடும் ஜெலிக்கு அது தொண்டையைச் சரிசெய்யவும் போதாத நேரம். 1948இல் அமெரிக்காவில் வினைல் என்னும் நெகிழியாலான நீண்ட நேரத் தட்டு, அதாவது எல்.பி., விற்பனைக்கு வந்தது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்திற்கும் மேலான இசை அதில் அடங்கியது. நாட்டார் இசையை உள்ளவாறே பதிய விரும்பியோர்க்கு அது பெரும் வாய்ப்பாயிற்று.

அதே 1948இல் மோசஸ் ஆஷ் என்பவர் நியூயார்க்கில் ஃபோக்வேஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நைஜீரியாவின் யொருபா மக்களது முரசிசை 1953இலேயே அவரது வெளியீடாக வந்தது. விற்பனை குறைந்தாலும் எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது அவரது கொள்கை. 1987இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அத்தொகுப்பை ஏற்றபோதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தலைப்புகளைக் கிடைக்கச் செய்யும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றது. பாரிஸ் மனிதவியல் அருங்காட்சியகத்தின் ஜில்பேர் ரூஜே 1952இல் கினியின் மலிங்கே இசையைப் பதிந்தார். பிரான்சின் கடல் கடந்த நாடுகளுக்கான வானொலிப் பணியிலிருந்து கிளைத்த ஒகோரா வெளியீடுகளைச் சார்ல் துவெல் என்னும் இசைஞர் பேணி வளர்த்தார்.

1961இல் யுனெஸ்கோவின் மரபிசைத் தொகுப்பைத் தொடங்கி வைத்தவர் அலேன் தனியேலு. இவர் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். சென்னை அடையாறு நூலகத்திலும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் பணிபுரிந்தவர்; சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இறையியல் பயின்றோர் நன்கறிந்த கர்தினால் ஜான் தனியேலு இவருடைய தமையனார். யாழாசிரியனும் குழலாசிரியனும் தத்தம் இலக்கணத்தோடு வரும் காப்பியத்தைப் பெயர்த்தவர் உலக மக்களின் இசையைத் தொகுக்க முன்வந்ததில் வியப்பில்லை.

இவர்களது உழைப்பு போற்றத்தக்கது. கனமான ஒலிப்பதிவுப் பொறிகளைச் சுமந்து ஊர் ஊராய்ச் சென்றவர்கள் இல்லையேல் அக்குரல்களுள் பல காற்றோடு போயிருக்கும். ஆயினும் குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அக்காலத் தட்டுகளின் தலைப்புகளைப் பாருங்கள்: யொருபாவின் முரசுகள், மெண்டே மக்களின் இசை, டான் மக்களின் இசை. இனத்தின் பெயர் முகப்பில் நிற்கிறது. வாசித்த மனிதரைத் தேடினால் சில தட்டுகளில் உள்தாளின் மூலையில் காணலாம். சிலவற்றில் எங்குமே காண முடியாது. ஐரோப்பிய இசைஞர் ஒருவர் பியானோ வாசித்த தட்டை "ஜெர்மானியரின் இசை" என்று மட்டும் குறித்து யாரேனும் வெளியிட்டிருப்பார்களா? ஒருவரை அவரது இனத்தின் மாதிரியாக மட்டும் காணும் கண், அவரை முழு மனிதராகக் காணவில்லை என்பதே உண்மை.

நான்கு பெயர்கள் தாங்கிய தட்டு

இந்தப் பின்னணியில்தான், அம்முதிய குரு விட்டுச் சென்றவற்றுள் மற்றொரு தட்டை நாம் மதிப்பிட விரும்புகிறோம். 1970ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் பிரெஞ்சுப் பெயரைப் 'பழந்தந்திகள்' என்று தமிழாக்கலாம். 1960இல் விடுதலை பெற்ற மாலி நாடு தன் இசையைத் தொகுத்து வெளியிட முனைந்தபோது உருவான தட்டுகளுள் அது ஒன்று. வெளியிட்டது ஜெர்மனியின் பேரன்ரைட்டர் நிறுவனம். பாக்கின் முழுப் படைப்புகளைச் செம்பதிப்பாகக் கொணர்ந்ததால் கோவில் இசை பயின்றோர் அறிந்த பெயர் அது. அட்டையில் நால்வர் பெயர் உண்டு: சிதிக்கி டியாபாத்தே, பதுரு செக்கு குயாத்தே, ஜெலிமாதி சிசோக்கோ, என்ஃபா டியாபாத்தே.

பாடல் இன்றிக் கோரா இசை மட்டுமே அமைந்த முதல் தட்டு என்று இதனைக் குறிப்பிடுவர். இதிலே பெருமையும் உண்டு. ஒரு சிக்கலும் உண்டு. ஜெலியின் கலை சொல்லின் கலை. கோரா அச்சொல்லுக்குத் துணை. துணையை மட்டும் தனியே நிறுத்தியதால், பாட்டில் வாழ்ந்த முன்னோர் பெயர்கள் எல்லாம் இங்கே மௌனமாகிவிட்டன. ஒரு மாலிக்காரர் இதனைக் கேட்கும்போது அவர் உள்ளத்தில் அச்சொற்கள் தாமே எழும், நமக்கு எழுவதில்லை. எனவே நாம் கேட்பது பாதி இசையே. இதை உணராமல் "மொழி தெரியாவிட்டால் என்ன, இசைக்கு மொழியில்லை" என்று பேசுவது நமது இழப்பை நாமே மறைத்துக்கொள்வதாகும்.

ஆனால் இழந்ததற்கு ஈடாக ஒன்றைப் பெறுகிறோம். சொல் விலகியதும் விரல்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஒருவர் கும்பெங்கோவை விடாது சுழற்றுகிறார். அதன்மேல் மற்றவரின் பிரிமின்டிங்கோ பறவை இறங்குவதுபோல் இறங்குகிறது. எவர் எவருக்கு வழிவிடுகிறார் என்பது நம் செவிக்கு முதலில் புலப்படவில்லை. பலமுறை கேட்ட பின்னரே, முன்னே வருபவரைக் காட்டிலும் பின்னே நிற்பவரின் பொறுமையே இசையைத் தாங்குகிறது என்பதை உணர்ந்தோம். ஒலியில் பூச்சு இல்லை. அருகில் அமர்ந்து கேட்பது போன்ற வறண்ட நேர்மை உண்டு. பழைய தட்டின் சரசரப்பும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அச்சரசரப்பைத் தனி அழகாகப் போற்றுவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. அது தூசியும் தேய்மானமும்; வாசித்தவர் நமக்குத் தந்ததன்று.

தந்தையரும் மைந்தரும்

இத்தட்டின் மதிப்பு முழுவதும் விளங்க 27 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. சிதிக்கி டியாபாத்தேயின் மகன் துமானி. ஜெலிமாதி சிசோக்கோவின் மகன் பல்லாக்கே. இருவரும் மாலியின் தலைநகர் பமாக்கோவில் அண்டை வீடுகளில் வளர்ந்தவர்கள். துமானிக்குத் தந்தை முறையாகப் பாடம் நடத்தவில்லை. கேட்டுக் கேட்டே அவர் கற்றுக்கொண்டார். பல்லாக்கே இளமையிலேயே தந்தையை இழந்தார். பதின்ம வயதில் தேசிய இசைக் குழுவில் தந்தையின் இடத்தில் அமர்ந்தார்.

1997 செப்டம்பர் 22, மாலியின் விடுதலை நாள். அன்றிரவு பமாக்கோ மாநாட்டு மண்டபத்தின் பளிங்குக் கூடத்தில் இவ்விருவரும் எதிரெதிரே அமர்ந்து இரு கோராக்களை மட்டும் மீட்டினர். பின்னர் ஒட்டோ பூச்சோ சேர்க்காத அந்த ஒலிப்பதிவு 1999இல் குறுந்தகடாக வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள் 'புதிய பழந்தந்திகள்'. தந்தையரின் தட்டுக்கு மைந்தர் எழுதிய மறுமொழி என்பதைத் தலைப்பே அறிவிக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டோம். மைந்தரின் விரைவும் தூய்மையும் வியக்க வைக்கின்றன. பளிங்குக் கூடம் ஒவ்வொரு தந்தியின் அதிர்வையும் நீட்டித் தருவதால் கோவிலினுள் கேட்கும் உணர்வு பிறக்கிறது. ஆனால் அந்த நீட்சியே சில இடங்களில் இசையை நம்மிடமிருந்து சற்றுத் தொலைவில் நிறுத்துகிறது என்றும் சொல்ல வேண்டும். தந்தையர் தட்டில் திண்ணையில் அமர்ந்து கேட்கிறோம். மைந்தர் தட்டில் மண்டபத்தில் அமர்ந்து கேட்கிறோம். இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பிட நாம் துணியவில்லை. மைந்தர் தம் திறமையைக் காட்டும் பொருட்டுத் தந்தையரை முந்திச் செல்ல முயலவில்லை என்பதே நம்மைக் கவர்ந்தது. தந்தையர் நிறுத்திய இடத்தை அடையாளம் காட்டி, அங்கிருந்து தொடங்குகின்றனர்.

சிதிக்கி 1996இல் மறைந்தார். மைந்தரின் தட்டை அவர் கேட்கவில்லை. துமானியும் 2024 ஜூலையில், 58 வயதில், மறைந்துவிட்டார். தந்தையை இளமையில் இழந்த ஒரு மகனுக்கு அந்த 1970ஆம் ஆண்டுத் தட்டு எத்தகையதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சேகரிப்பாளருக்கு அது கிடைத்தற்கரிய பொருள். ஆய்வாளருக்கு அது சான்று. பல்லாக்கேக்கோ அது தந்தையின் விரல்கள். அவ்விரல்களின் மேல் பெயர் எழுதப்பட்டிருந்தது. எழுதப்படாதிருந்தால்? வேறெங்கோ, வேறொரு தட்டில், வேறொரு மகன் தன் தந்தையைக் கேட்டுக்கொண்டே அடையாளம் காணாமல் இருக்கக்கூடும் அல்லவா?

சேர்த்தலும் பகிர்தலும்

பழைய வினைல் தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். மேற்கு ஆப்பிரிக்கத் தட்டுகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும் விலை கொடுத்து வாங்குகின்றனர். அவர்களது ஆர்வத்தை நாம் குறை கூறோம். கறையான் தின்னும் அட்டையையும் வெயிலில் வளையும் தட்டையும் அவர்களுள் பலர் மீட்டிருக்கின்றனர். ஆனால் அரிதாக இருப்பதனாலேயே ஒன்று மதிப்புப் பெறும்போது, அதைப் பிறர் கேளாதிருப்பதில் உடையவருக்கு ஓர் ஆதாயம் பிறந்துவிடுகிறது. அந்நிலையில் தட்டு புதைத்து வைத்த தாலந்தாகிறது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. பகிர்கிறோம் என்ற பெயரில் ஒலியை மட்டும் படியெடுத்து, அட்டையையும் உள்தாளையும் விட்டுவிட்டு, கைக்குக் கை மாற்றுதல். பத்தாவது கைக்கு வரும்போது அது "ஆப்பிரிக்க இசை" என்ற இரு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. மேலும், இசைத்தவரோ அவர் குடும்பத்தாரோ உயிரோடிருக்க, அவர்களுக்குச் சேர வேண்டிய ஊதியத்தைத் தராமல் படிகளை விற்பது பகிர்தல் ஆகாது. பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்பவரை அறநூல்கள் வள்ளல் என்பதில்லை.

அப்படியாயின் செம்மையான பகிர்தல் எது? கினி நாடு ஒரு சான்று தருகிறது. அந்நாட்டின் அரசு நிறுவனமாகிய சிலிஃபோன் 1960களின் இறுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை தட்டுகளை வெளியிட்டது. 1985இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஒன்றின்போது தலைநகர் கொனாக்ரியின் வானொலி நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, அங்கிருந்த தட்டுகள் அழிந்தன. பின்னர் கிரேம் கவுன்சல் என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, 2008 முதல் அந்நகரில் பணியாற்றினார். சேகரிப்பாளர்களிடம் எஞ்சியிருந்த சிலிஃபோன் தட்டுகளைத் தேடித் தொகுத்தார். வானொலியின் பழைய நாடாக்களை ஒவ்வொன்றாக எண்ணியல் வடிவுக்கு மாற்றினார். 9,410 பாடல்கள் கிடைத்தன. அவை கலைஞர் பெயரோடு பட்டியலிடப்பெற்றன. மூல நாடாக்கள் கொனாக்ரியிலேயே இருக்க, படிகள் எவரும் கேட்குமாறு திறந்து வைக்கப்பட்டன. பிறந்த மண்ணைவிட்டுப் பறிக்காமல், பெயரை அழிக்காமல், கதவைப் பூட்டாமல் செய்த பணி இது. தனியார் அலமாரிகளில் இருந்தவை ஒரு நாட்டின் நினைவைத் திருப்பித் தந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது.

பெற்றதைத் திருப்பித் தரும் வழி மற்றொன்றும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் சொலெம் மடத்துத் துறவியர் செனகலில் கெர் மூசா என்ற மடத்தை நிறுவினர். கிரகோரியன் இசையின் தாயகமெனப் போற்றப்படும் மடத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். தம் இசையே போதும் என்றிருந்திருக்கலாம். ஆனால் மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளை மதித்து வழிபாட்டில் இடமளிக்குமாறு 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு கேட்டுக்கொண்ட அக்காலத்தில், அவர்கள் கோராவைக் கற்றனர். அருள்தந்தை தொமினிக் கத்தா அதற்கென இசை எழுதினார். தோல் வளையங்களை இழுத்துச் சுருதி சேர்க்கும் கடினத்தைக் குறைக்கத் திருகாணிகள் பொருத்திய கோராக்களை மடத்துப் பட்டறையில் செய்து பிறருக்கும் வழங்கினர். இசைத்தட்டுகளும் வெளியிட்டனர். நம் செவிக்கு அவ்விசை ஜெலிகளின் இசையைவிட அடங்கியதாக, சில வேளை மிகையாக அடங்கியதாகவே ஒலிக்கிறது. பிரிமின்டிங்கோவின் துணிவு அங்கே குறைவு. எனினும் பெற்றவர்கள் மாணவராக அமர்ந்தனர், கைவினையாகத் திருப்பியும் தந்தனர் என்பது சிறிய செய்தியன்று.

இசைத்தட்டைத் திறனாய்வு செய்கிறவர் நாதத்தை மட்டும் அளந்தால் போதாது. அட்டையையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது இவற்றால் நாம் அடைந்த முடிவு. யார் வாசித்தார், யார் மகன், எந்த ஊர், அவருக்கு என்ன கிடைத்தது என்பவை இசைக்குப் புறம்பான வினாக்கள் என்று சிலர் கூறலாம். பெயர் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஜெலிகளின் இசையைப் பொறுத்தவரை, அவ்வினாக்கள் இசைக்கு உள்ளேயே இருப்பவை.

அம்முதிய குரு தந்த தட்டுகளிலிருந்து இப்பொழுது ஒலிநாடாவில் படியெடுத்து, கேட்க விரும்பும் நண்பர்க்கு இரவலாகத் தருகிறோம். ஒவ்வொன்றினுள்ளும் அட்டையிலுள்ள செய்திகளைத் தமிழில் எழுதிய தாள் ஒன்றை மடித்து வைக்கிறோம். பெயரில்லாத அந்தத் தட்டின் தாளில், வாசித்தவர் பெயர் என்ற இடத்தை எழுதாமல் விட்டு வைத்திருக்கிறோம். என்றேனும் அறிந்தவர் ஒருவர் வந்து எழுதக்கூடும். சென்ற வாரம் 'பழந்தந்திகள்' ஒலித்துக்கொண்டிருக்கையில் கோவில்பிள்ளை மீண்டும் வந்து நின்றார். இம்முறை அவர் கேட்குமுன் நாமே அட்டையை எடுத்து நான்கு பெயர்களையும் வாசித்தோம். நம் நாவில் அவை சரியாக வரவில்லை. "இன்னொருக்கா சொல்லுங்க சாமி" என்றார். சொன்னோம். அவரும் உடன் சொன்னார்.